நாயுடன் வெளிநாட்டுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனை நாட்களுக்கு முன்பே ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்?

பெரும்பாலானோர் தங்களுக்கான விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, நாய்க்கு என்ன செய்வது என்று பிறகுதான் விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். நாயின் தேதிகள் முடிவான பிறகே மனிதர்களின் டிக்கெட்டை எடுப்பது நல்லது. ஏனெனில் நமக்கு விசா தாமதமானால் மறு விண்ணப்பம் போடலாம். ஆனால் தடுப்பூசி வேலை செய்ததா என்று பார்க்க நாயின் இரத்தம் எடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டிய காத்திருப்புக் காலத்தை எந்தக் கட்டணமும் குறைக்காது.

எவ்வளவு காலம் என்பது புறப்படும் நாடு, போய்ச் சேரும் நாடு ஆகிய இரண்டையும் பொறுத்தது. வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ், கட்டுக்குள் இருப்பதாக ஏற்கப்பட்ட நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் நாய்க்கு, முதல் தடுப்பூசி போட்டு 21 நாட்கள் கடந்தால் போதும். அந்தப் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து செல்வதாக இருந்தால், தடுப்பூசிக்குப் பின் 30 நாட்கள் கழித்து இரத்தம் எடுத்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆக, எல்லாம் சரியாக நடந்தாலும் குறைந்தது நான்கு மாதங்கள் ஆகும். ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் காத்திருப்பு மட்டுமே 180 நாட்கள் என்பதால், ஏழு அல்லது எட்டு மாதங்களுக்கு முன்பே தொடங்குவதுதான் அறிவுடைமை.

மைக்ரோசிப்பை ஏன் தடுப்பூசிக்கு முன்பே பொருத்த வேண்டும்?

தடுப்பூசி போடப்பட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு அந்தச் சிப் ஒன்றே சாட்சி. ஊசி போட்ட அன்று நாயின் உடலில் எண் இல்லையென்றால், எந்த நாய்க்கு ஊசி போடப்பட்டது என்று எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு உறுதிப்படுத்த வழியில்லை. ஆகவே சிப்புக்கு முன் போட்ட ரேபிஸ் ஊசியைப் பல நாடுகள் போடாத ஊசியாகவே கருதும். சிப் பொருத்திய பின் மீண்டும் போட்டு, நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், ஆனால் சிப் முந்த வேண்டும்.

சிப் என்பது ஓர் அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பி. தோள்பட்டை எலும்புகளுக்கு இடையில், தோலுக்கு அடியில் அதை ஊசி மூலம் செலுத்துவார்கள். அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனர் அருகில் வரும்போது மட்டும் தன் எண்ணைச் சொல்லும். ஐஎஸ்ஓ 11784, 11785 ஆகிய தரங்களுக்கு உட்பட்ட, 15 இலக்க எண் கொண்ட சிப் என்றால் பெரும்பாலான நாடுகளில் சிக்கல் வராது. சில சிப்கள் காலப்போக்கில் தோளிலிருந்து நகர்ந்து முன்னங்கால் பக்கம் போய்விடுவதும் உண்டு. எனவே ஒவ்வொரு மருத்துவர் சந்திப்பின்போதும், ஊசியோ இரத்தமோ எடுப்பதற்கு முன் ஸ்கேன் செய்து எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனை எதற்கு? அதன் பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஊசி போட்டதற்கும் ஊசி வேலை செய்ததற்கும் வேறுபாடு உண்டு. நாயின் இரத்தத்தில் ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்பதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் அளக்கிறார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. முதல் முறை ஊசி போட்ட இளம் நாய்கள் சில நேரங்களில் இந்த அளவை எட்டாமல் போகின்றன. அப்போது மறு ஊசி போட்டு மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். காலம் இடம் கொடுத்தால், முதலிலேயே ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் போட்டுவிட்டு இரத்தம் எடுப்பது பாதுகாப்பான வழி.

தேர்ச்சி பெற்ற பிறகும் ஏன் மூன்று மாதம், ஆறு மாதம் என்ற கேள்வியில் பலருக்கு எரிச்சல் வருகிறது. ஊசி போடுவதற்கு முன்பே நாய் கடிபட்டிருந்தால், வைரஸ் நரம்புகளின் வழியே மூளையை நோக்கி மெதுவாகப் பயணம் செய்துகொண்டிருக்கலாம். அந்தக் காலத்தில் நாய் முழு நலத்தோடு காணப்படும், இரத்தப் பரிசோதனையிலும் தேறிவிடும். அறிகுறி வெளிப்படுவதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும் என்பதால்தான், அது வெளிப்படக்கூடிய காலம் முழுவதையும் நாய் புறப்படும் நாட்டிலேயே கழிக்கட்டும் என்கிறார்கள். அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதுமே உயிரைப் பறிக்கும் நோய் இது என்பதை நினைத்தால், இந்த விதி கடுமையானதாகத் தோன்றாது.

எந்த நாடுகளின் விதிகள் கடுமையானவை?

பொதுவாக, ரேபிஸ் இல்லாத தீவு நாடுகளே மிகவும் கண்டிப்பானவை. ஜப்பானில் இரண்டு தடுப்பூசிகள், இரத்தப் பரிசோதனை, 180 நாள் காத்திருப்பு ஆகியவற்றோடு, வந்து சேர்வதற்குக் குறைந்தது 40 நாட்களுக்கு முன் அங்குள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்கு அறிவிப்பும் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 12 மணி நேரத்துக்குள் நாயைக் கையில் தந்துவிடுவார்கள். காத்திருப்பில் குறையும் நாட்களை நாய் அவர்களுடைய காப்பகத்தில் கழிக்க வேண்டியிருக்கும். அது 180 நாட்கள் வரையும் நீளலாம்.

ஆஸ்திரேலியாவுக்கு வரும் நாய்கள் மெல்போர்னை அடுத்த மிக்கிள்ஹாமில் உள்ள அரசுத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் தங்கியாக வேண்டும். நாயின் அடையாளத்தைப் புறப்படும் நாட்டின் அரசு அதிகாரி முன்கூட்டியே சரிபார்த்திருந்தால் 10 நாட்கள், இல்லாவிட்டால் 30 நாட்கள். ஆஸ்திரேலியா அங்கீகரிக்காத நாட்டிலிருந்து நேராக அனுப்பவே முடியாது. அங்கீகாரம் பெற்ற வேறொரு நாட்டில் நாயைக் குடியமர்த்தி, ஏற்பாடுகளை அங்கிருந்து செய்ய வேண்டும். புகழ் பெற்றவர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது. 2015ஆம் ஆண்டில் நடிகர் ஜானி டெப், ஆம்பர் ஹெர்ட் இணையர் தங்கள் இரண்டு சிறு நாய்களைத் தனி விமானத்தில் அறிவிக்காமல் கொண்டு வந்தபோது, குறித்த கெடுவுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் அவை கருணைக்கொலை செய்யப்படும் என்று அந்நாட்டு வேளாண் அமைச்சர் வெளிப்படையாக எச்சரித்தார். நாய்கள் திரும்பிச் சென்றன. வழக்கு அடுத்த ஆண்டும் நடந்தது.

பிரிட்டன் ஒரு காலத்தில் எல்லா நாய்களையும் ஆறு மாதம் அடைத்து வைத்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய செல்லப்பிராணிப் பயணத் திட்டத்துக்குப் பிறகு அந்த நிலை மாறிவிட்டது. ஆனாலும் விமானத்தில் செல்வதானால் உதவி நாய்களைத் தவிர மற்றவை சரக்காக மட்டுமே உள்ளே வர முடியும். பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே ஆகிய நாடுகளுக்கு மற்றொரு தேவையும் உண்டு: போய்ச் சேர்வதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும், நாடாப்புழுவுக்கு எதிரான மருந்தைக் கால்நடை மருத்துவர் கொடுத்து, நேரத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும். விமானம் தாமதமானால் இந்தக் கணக்குத் தவறிவிடக்கூடும் என்பதால் இரு எல்லைகளுக்கும் நடுவில் கொடுப்பதே நல்லது.

அமெரிக்காவின் விதிகள் 2024 ஆகஸ்ட் 1 முதல் மாறின. நாய்க்கு ஆறு மாத வயது நிறைந்திருக்க வேண்டும். சிப் இருக்க வேண்டும். இணையவழிப் படிவத்தின் ரசீது கையில் இருக்க வேண்டும். நாய்களிடையே ரேபிஸ் மிகுந்த நாடுகளில் கடந்த ஆறு மாதங்களுக்குள் இருந்த நாய்களுக்குத் தடுப்பூசிச் சான்று தனிப்படிவத்தில் வேண்டும். ஊசியை வெளிநாட்டில் போட்டிருந்தால், பதிவு பெற்ற பராமரிப்பு நிலையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்கவும் முடியும்.

இவை மாறக்கூடியவை. பயணத்தை முடிவு செய்த அன்று ஒரு முறையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு மறுமுறையும், போகும் நாட்டின் அரசு அறிவிப்பை நேரடியாகப் படியுங்கள். முகவர் சொன்னதையோ சென்ற ஆண்டு போய் வந்த நண்பர் சொன்னதையோ மட்டும் நம்ப வேண்டாம்.

சான்றிதழில் எங்கே தவறு நேர்கிறது?

உடல்நலச் சான்றிதழைக் கால்நடை மருத்துவர் நிரப்பி, அதன் மீது அரசுக் கால்நடை அதிகாரி ஒப்பமும் முத்திரையும் இடுவதே வழக்கமான முறை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அது நாய் போய்ச் சேர்வதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தக் குறுகிய காலத்துக்குள் வார விடுமுறையும் அரசு விடுமுறையும் குறுக்கிடாமல் தேதியைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

தவறுகள் பெரும்பாலும் நோயில் இல்லை, எழுத்தில்தான் இருக்கின்றன. எங்கள் நாயின் சான்றிதழில் 15 இலக்கச் சிப் எண்ணின் கடைசி நான்கில் 68 என்பது 86 ஆகிவிட்டிருந்தது. புறப்படுவதற்கு முந்தைய இரவு, சமையலறை மேசையில் சிப் அட்டையையும் சான்றிதழையும் அருகருகே வைத்து, ஒருவர் படிக்க மற்றவர் விரல் வைத்துச் சரிபார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்று திருத்தி வாங்கினோம். மருந்துக் குப்பியின் தொகுதி எண், பிறந்த தேதி, நாள் முதலா மாதம் முதலா என்ற தேதி எழுதும் முறை ஆகியவற்றையும் இப்படியே விரல் வைத்துப் பாருங்கள். மறு ஊசி ஒரே ஒரு நாள் தாமதமாகப் போடப்பட்டிருந்தாலும் அது முதல் ஊசியாகவே கணக்கில் கொள்ளப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாய் என்னோடு இருக்கையருகே வருமா, கீழே சரக்கறையில் போகுமா?

பயணிகள் பகுதியில் அனுமதிக்கும் விமான நிறுவனங்கள், பையோடு சேர்த்து ஏறத்தாழ 7 அல்லது 8 கிலோவுக்கு உட்பட்ட, முன் இருக்கையின் அடியில் அடங்கும் நாய்களையே ஏற்கின்றன. ஒரு விமானத்தில் இத்தனை விலங்குகள்தான் என்ற வரம்பும் உண்டு; எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு நாய்க்கான இடத்தை உறுதி செய்ய வேண்டும். அதற்கு மேல் எடையுள்ள நாய், நம்முடைய கூடுதல் பயணச்சுமையாகவோ தனிச் சரக்காகவோ கீழே செல்லும்.

கீழறை என்றதும் காற்றில்லாத, உறைந்த இடத்தைப் பலர் கற்பனை செய்துகொண்டு அஞ்சுகிறார்கள். உண்மையில் விலங்குகளை ஏற்றும் கீழறையில் பயணிகள் பகுதியில் இருக்கும் அதே காற்றழுத்தமே இருக்கும், வெப்பமும் கட்டுப்படுத்தப்படும், விலங்கு இருப்பது விமானிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கப்படும். இருட்டும் இரைச்சலும் அங்கே உண்டுதான். ஆனால் அஞ்ச வேண்டியது விமானம் வானில் பறக்கும் நேரத்தை அல்ல, கூண்டு தரையில் காத்திருக்கும் நேரத்தையே. நண்பகல் வெயிலில் ஓடுதளத்தின் ஓரம் நிற்கும் தள்ளுவண்டியில் கழியும் அரை மணி நேரம், பத்து மணி நேரப் பயணத்தைவிட ஆபத்தானது. வெயில் காலத்தில் இரவு விமானத்தையும் குளிர் காலத்தில் பகல் விமானத்தையும் தேர்ந்தெடுங்கள். கட்டணம் கூடினாலும் நேரடி விமானமே மேல். ஒவ்வொரு விமான மாற்றமும் தரையில் மேலும் இரண்டு காத்திருப்புகளைச் சேர்க்கிறது.

கூண்டின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி, நாய் உள்ளே நேராக நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் வேண்டும். நாயை நிற்க வைத்து நான்கு அளவுகள் எடுக்க வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை, தோள்களின் அகலம், தரையிலிருந்து தலை உச்சி அல்லது விறைத்த காதின் நுனி வரை. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தின் இரு மடங்கு அதன் அகலம். நான்காவது அளவோடு விரிப்பின் தடிமனைக் கூட்டினால் உயரம். உடல் நீளம் 70 செ.மீ., முழங்கை உயரம் 30, தோள் 20, தலை வரை 58 என்று வைத்துக்கொண்டால், கூண்டின் உட்புறம் 85 செ.மீ. நீளமும் 40 அகலமும், விரிப்பு போக 58 உயரமும் இருக்க வேண்டும். தட்டை முக நாய்களுக்கு இதைவிடப் பத்து விழுக்காடு பெரிய கூண்டு தேவை.

கடையில் நடுத்தரம், பெரியது என்று ஒட்டியிருக்கும் சீட்டை நம்பி வாங்குவோர்தான் விமான நிலைய முகப்பில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நான்கு பக்கமும் காற்றுத் துளைகள், இரு பாதிகளையும் இணைக்கும் உலோகத் திருகுகள், கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணம் ஆகியவை இருக்க வேண்டும். சக்கரங்கள் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

கூண்டுக்கு நாயை எப்படிப் பழக்குவது?

பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே கூண்டை வீட்டில் வைத்து, கதவைக் கழற்றிவிடுங்கள். முதல் வாரம் அது அங்கே கிடக்கும் ஒரு பொருள் மட்டுமே; நாயை உள்ளே தள்ளக் கூடாது. பிறகு உணவுத் தட்டை வாயிலருகே வைத்து, நாளுக்கு நாள் சற்று உள்ளே நகர்த்துங்கள். எங்கள் நாய் முதல் ஒன்பது நாட்கள் பின்னங்கால்கள் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டது. பத்தாம் நாள் தானாகவே உள்ளே போய்ப் படுத்தது. அதன் பிறகுதான் கதவை மாட்டினோம். ஐந்து நிமிடம், அரை மணி நேரம், ஓர் இரவு என்று கூட்டினோம். நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய பருத்தித் துணியை உள்ளே விரித்தால் அந்த மணமே நாய்க்கு ஆறுதல் தரும்.

அமைதியாக இருப்பதற்கு மயக்க மருந்து கொடுக்கலாமா?

கூடாது. மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, மூச்சை மந்தமாக்குகிறது, கூண்டு சாயும்போது நாய் தன்னை நிலைப்படுத்திக்கொள்ள முடியாமல் செய்கிறது. கீழறையில் அதைக் கவனிக்க யாரும் இல்லை. மயங்கிய நிலையில் வரும் நாயைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்பதும் இல்லை. மிகுந்த பதற்றம் கொண்ட நாய் என்றால் மாற்று வழிகளைப் பற்றிப் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்.

பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களை ஏன் மறுக்கிறார்கள்?

நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வியர்வைச் சுரப்பிகள் அதற்குப் பாதங்களில்தான் பயன்படும் அளவில் உள்ளன. தட்டை முக நாய்களுக்கு மூக்குத் துளை குறுகலாகவும், தொண்டையின் மென்மையான மேல் தசை நீண்டும் இருப்பதால், பதற்றத்திலும் வெப்பத்திலும் வேகமாக மூச்சிழுக்கும்போது தொண்டை வீங்கி அடைத்துக்கொள்கிறது. மூச்சிரைக்க இரைக்கச் சூடு குறைவதற்குப் பதில் கூடுகிறது. ஆகவே பல நிறுவனங்கள் இவற்றைச் சரக்கறையில் ஏற்றுவதே இல்லை. எடை இடம் கொடுத்தால் பயணிகள் பகுதியில் கொண்டு செல்லலாம். முடியாதெனில் விமானத்தை விட்டுவிடுவதே என் கருத்து.

குறிப்பிட்ட இன நாய்களுக்குத் தடை உண்டா?

உண்டு. பிரிட்டனில் 1991ஆம் ஆண்டின் அபாயகர நாய்கள் சட்டத்தின் கீழ் பிட் புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரசிலெய்ரோ ஆகியவை தடை செய்யப்பட்டன. பின்னர் எக்ஸ்எல் புல்லியும் சேர்ந்தது. அங்கே தாளில் எழுதிய இனப்பெயரைவிட நாயின் உடலமைப்பே கணக்கில் எடுக்கப்படும் என்பதால் கலப்பின நாய் வைத்திருப்போரும் கவனமாக இருக்க வேண்டும். விமானம் மாறும் நாட்டின் தடையையும் பாருங்கள்.

பயண நாளன்று உணவும் தண்ணீரும் எப்படி?

புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரத்துக்கு முன் சிறிதளவு உணவு போதும். வயிறு நிறைந்த நாய்க்குத்தான் வாந்தியும் தவிப்பும். தண்ணீரைக் கடைசி வரை நிறுத்த வேண்டாம். கூண்டுக் கிண்ணத்தில் முந்தைய இரவே தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிட்டால், தூக்கி வைக்கும்போது சிந்தாது. பயணத்தில் மெல்லக் கரைந்து நக்கக் கிடைக்கும். கூண்டை ஒப்படைக்கும் முன் நீண்ட நடை அழைத்துச் செல்லுங்கள்.

நாயின் உணவை உடன் கொண்டு செல்லலாமா?

இறைச்சியும் பாலும் கலந்த உணவைப் பல நாடுகள் எல்லையிலேயே பறிமுதல் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவக் காரணத்துக்கான சிறப்பு உணவை மட்டும் அளவோடு அனுமதிக்கிறது. ஆகவே போகும் நாட்டில் கிடைக்கும் உணவுக்குப் பயணத்துக்கு முன்பே, ஒரு வாரம் பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றிவிடுங்கள்.

விமானம் இல்லாமல் போக வழி உண்டா?

சில பாதைகளில் உண்டு. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கால்வாய்ச் சுரங்கத்தில் காரை ஏற்றிச் செல்லும் ரயிலில், நாய் காருக்குள்ளேயே உங்களோடு இருக்கலாம். சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே செல்லும் குயின் மேரி 2 கப்பலில் நாய்களுக்கெனத் தனிக் கூடங்களும் பராமரிப்பாளரும் உண்டு. அங்கே இடம் கிடைப்பதுதான் அரிது.

இரண்டு வாரச் சுற்றுலாவுக்கு நாயை அழைத்துச் செல்வது சரியா?

என்னைக் கேட்டால், வேண்டாம். குடிபெயர்வோருக்கும் பல மாதங்கள் தங்குவோருக்கும் இத்தனை ஊசிகளுக்கும் காத்திருப்புக்கும் பொருள் உண்டு. இரண்டு வாரத்துக்காக நாயைச் சரக்கறையில் இருமுறை அனுப்புவது நமது ஆசைக்காகத்தான், அதன் நலனுக்காக அல்ல. பழகியவர் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். முதிய நாய்க்கும் இதய நோயுள்ள நாய்க்கும் இது இன்னும் பொருந்தும்.

போன இடத்தில் புதிய நோய்கள் தொற்றுமா?

தொற்றலாம். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் மணல் ஈ கடிப்பதால் லீஷ்மேனியாசிஸ் என்ற நோய் நாய்களுக்குப் பரவுகிறது; மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்தே அது வெளிப்படும். கொசு மூலம் இதயப்புழுவும் உண்ணி மூலம் எர்லிக்கியா போன்ற கிருமிகளும் வரும். மணல் ஈயை விரட்டும் கழுத்துப்பட்டையைப் பயணத்துக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே மாட்டிவிடுங்கள்.

திரும்பி வரும்போது மீண்டும் எல்லாம் செய்ய வேண்டுமா?

போவதற்கு ஒரு விதி, வருவதற்கு வேறொரு விதி என்பதை மறந்துதான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழும் நாய், ரேபிஸ் மிகுந்த நாட்டுக்குப் போய்வருவதாக இருந்தால், புறப்படும் முன்பே இரத்தப் பரிசோதனையில் தேறி, அந்த முடிவு அதன் பாஸ்போர்ட்டில் பதிவாகியிருந்தால் திரும்பும்போது மூன்று மாதக் காத்திருப்பு கிடையாது. போன பிறகு இரத்தம் எடுத்தால் காத்திருந்தே ஆக வேண்டும். அதன் பிறகும் மறு ஊசிகளை ஒரு நாள் கூடத் தவறாமல் போட்டுவர வேண்டும். தவறினால் பழைய இரத்தப் பரிசோதனையும் செல்லாததாகிவிடும். அசல் ஆய்வக அறிக்கையை அங்கேயே ஒப்படைத்துவிடாமல் ஒரு சான்றொப்பமிட்ட நகலை மட்டும் கொடுத்து, அசலை நாயின் கழுத்துப்பட்டையும் வாரும் இருக்கும் அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.